புனிதரின் இடது தோள்

திருவிழாக் காலையில், பல்லக்கில் நிறுத்தியிருந்த ஆள் உயரப் புனிதர் சொரூபத்துக்குப் புது அங்கியை உடுத்தப் போகும்போதுதான் தையல்காரிக்குத் தன் தவறு உறைத்தது. கைப் பழக்கத்தில் கணவனின் அளவுக்கு வெட்டியிருந்தாள். போன வருடம் இதே பல்லக்கைத் தூக்கிக்கொண்டு மலை ஏறியவன் இறங்கி வரவில்லை. தேடியவர்களுக்கு ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

"என்ன அண்ணி, சட்டை மாட்ட இவ்வளவு நேரமா? வெளியே ஜனம் கால் மாத்தி கால் மாத்தி நிக்குது" என்றான் கொழுந்தன்.

"பொருந்தாதுப்பா. என் மானம் போகப்போகுது."

மர உடம்பில் அங்கியை மாட்டினாள். ஒரு சுருக்கம் இல்லை. மூட்டை சுமந்தே கணவனுக்கு இடது தோள் சரிந்திருக்கும். அதற்கேற்பத் தாழ்த்தித் தைத்திருந்த இடமும் அப்படியே படிந்தது. வருடாவருடம் அவள் அளவெடுத்த சொரூபத்துக்கு இரண்டு தோளும் சமமாகத்தான் இருந்தன.

"கச்சிதமா இருக்கு. இதுக்கா பயந்தீங்க?" என்றபடி கொழுந்தன் பல்லக்குத் தண்டுக்குத் தோள் கொடுத்தான். மற்றவர்களும் குனிந்தார்கள். கோயில் மணி அடித்தது. பல்லக்கு எழுந்தது, நகரவில்லை.

"அண்ணி, விடுங்க. மலை ஏறணும்."

அவள் அங்கியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.