எர்மேஸின் வலது கால்

"அந்தாள் பக்கத்துல உட்கார்றதுக்குப் பதிலா நான் மலையில நடந்தே ஏறிடுவேன்" என்றேன்.

மதுக்கடை ஒரியெல்லா சீட்டை மறுபடி விரித்துக் காட்டினாள். "உன் பேருதான் வந்திருக்கு, செவெரீனோ. பயமா இருந்தா சொல்லிடு, வேற சீட்டு எடுக்கறேன்."

கடை முழுக்கச் சிரித்தது.

"பயமெல்லாம் எங்க வீட்டுல கிடையாது. அது எர்மேஸ் வீட்டுச் சொத்து."

எர்மேஸ் மூலையில் காபி குடித்துக்கொண்டிருந்தான். தலை நிமிரவில்லை.

ஊர்ச் சங்கத்தார் அந்தப் பழைய சிவப்பு ரேஸ் வண்டியை எங்கேயோ கண்டுபிடித்து, சரிசெய்து கொண்டுவந்திருந்தார்கள். பல வருஷங்களுக்கு முன் மலைப்பந்தயம் நடந்த அதே பாதையில் அதை ஒருமுறை ஓட்டிக்காட்ட வேண்டும். அதை ஓட்டத் தெரிந்தவன் எர்மேஸ் ஒருவன்தான். பக்கத்து இருக்கைக்கு ஊரார் பெயரையெல்லாம் எழுதிப்போட்டுக் குலுக்கினார்கள்.

பந்தயத்தன்று அந்த இருக்கையில் உட்கார்ந்திருந்தது என் அண்ணன் நேவியோ; அவன்தான் வண்டிக்கு மெக்கானிக். ஜெயிக்க ஒரே ஒரு வளைவு பாக்கி. அங்கே எர்மேஸ் பயந்து ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டான். அவனே எல்லார் முன்னாலும் ஒத்துக்கொண்டான். அந்த இடத்துக்கே 'எர்மேஸ் வளைவு' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஜெயித்தவர் பெயரைப் பொறிக்கும் சதுக்கத்துச் சலவைக்கல்லில் வேற்றூர்க்காரன் பெயர் ஏறியது.

பந்தயம் பார்க்க வந்திருந்த கார் கம்பெனிக்காரர், "பயந்தது ஓட்டினவன்தானே, மெக்கானிக் மேல என்ன குத்தம்?" என்று அண்ணனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். அதற்கப்புறம் எர்மேஸுக்கு யாரும் வண்டி தரவில்லை. பெட்ரோல் பங்க் வைத்துப் பிழைத்தான்.

நான் இந்தப் பேச்சை எடுத்தாலே அண்ணன் சாப்பாட்டு மேசையிலிருந்து எழுந்து வெளியே போய்விடுவான். சாகும்வரை அப்படித்தான். அவ்வளவு வேதனை அவனுக்கு. அவனுக்கும் சேர்த்து நான் எர்மேஸோடு பேசாமல் இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வண்டியில் ஏறினேன். அந்தக் கால் நடுங்குவதை என் கண்ணால் பார்க்க வேண்டும். மேலே போய் மைக்கில் சொல்ல வேண்டும். அதற்காகத்தான்.

கதவு இல்லை. பெல்ட் இல்லை. முழங்கைக்குப் பக்கத்தில் சக்கரம்.

எர்மேஸ் என் முன்னாலிருந்த பித்தளைக் கைப்பிடியைத் தொட்டுக் காட்டினான். "இதுதான் பம்ப். டேங்க் பின்னால இருக்கு. நீ காத்து அடிச்சாத்தான் பெட்ரோல் இன்ஜினுக்கு வரும். மேட்டுல கைய எடுத்துடாத."

"உன் வேலைய நீ பாருய்யா."

வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது. நான் பம்பை இழுத்து இழுத்து அடித்தேன். சூடான எண்ணெய் கன்னத்தில் தெறித்தது. கஷ்கொட்டை மரங்கள் காதை உரசுவது போல் வந்து வந்து போயின. கண்ணை மட்டும் அவன் வலது காலைவிட்டு எடுக்கவில்லை.

"மெதுவாப் போனா ஆகாதா? வயசாச்சுய்யா நமக்கு."

"பம்ப விடாத."

கடைசி வளைவு. வேலியில் உட்கார்ந்திருந்தவர்கள், "பிரேக்கு, எர்மேஸ், பிரேக்கு" என்று கத்தினார்கள்.

பின்சக்கரம் சரளையில் வழுக்கியது. என் பக்கம் ரோடே இல்லை. கீழே, ரொம்பக் கீழே, ஆற்றங்கரைக் கோயிலின் கூரை தெரிந்தது.

இன்ஜின் இருமியது. இன்னொரு முறை இருமி அடங்கப் பார்த்தது. வண்டி நின்றால் பின்னால்தான் உருளும். பின்னால் பள்ளம்.

சட்டென்று அவன் காலைப் பார்த்தேன்.

பெடலைத் தரையோடு தரையாக அழுத்தியிருந்தது. நடுங்கவே இல்லை.

எர்மேஸ் ஒரு கையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, மறு கையை என் பக்கம் நீட்டி, தானே பம்பை அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தான். இன்ஜின் திக்கித் திணறி மறுபடி பிடித்துக்கொண்டது.

அப்போதுதான் என் கைகளைக் கவனித்தேன். இரண்டும் எதிரிலிருந்த கம்பியை இறுகப் பிடித்திருந்தன.

"நான்... பம்ப..."

"விடு. அந்த இடத்துல யாருக்கா இருந்தாலும் கை தானாக் கம்பிக்குப் போயிடும்."

உச்சியில் ஊரே நின்றது. சங்கத் தலைவர் மைக்கோடு ஓடிவந்தார். "என்ன எர்மேஸ், அதே வளைவுல வண்டி நொண்டுச்சே. மறுபடியும் பயமா?"

எர்மேஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

"ஆமா. பயந்துட்டேன். கால எடுத்துட்டேன்."

அன்று சொன்ன அதே வார்த்தைகள். விசில் பறந்தது. எவனோ கழுதை மாதிரி கத்தினான்.

மைக் என் பக்கம் திரும்பியது. "செவெரீனோ, பக்கத்துல இருந்தவன் நீதானே? நீ சொல்லு. கால எடுத்தானா, இல்லையா?"

எர்மேஸ் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தான்.

இருக்கையிலிருந்து எழுந்து, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெளியே நடந்தேன்.

சாப்பாட்டு மேசையிலிருந்து அண்ணனும் இப்படித்தான் எழுந்து போவான்.