வயிற்றில் இருப்பது

வாந்தி எடுத்து முடித்து அவள் குளியலறைச் சுவரில் சாய்ந்தாள்.

காலையில் சாப்பிட்டது அரை இட்லி. அதுவும் இறங்கவில்லை.

வெளியே மாமியார் போனில் பேசிக்கொண்டிருந்தார். சொந்தத்தில் ஒருவரையும் விடவில்லை. ஒரு வாரமாக வாந்தி, சோற்றைக் கண்டாலே ஆகவில்லை, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கல்யாணமாகி எட்டு வருடம். அவர் சந்தோஷப்படுவதில் என்ன தப்பு?

அவளுக்கு அழுகை முட்டியது.

பெண் பார்க்க வந்தவர்கள் பஜ்ஜியையும் காபியையும் முடித்துவிட்டு, பெண் குண்டு என்று சொல்லியனுப்பிய காலம் ஒன்று இருந்தது. அம்மாதான் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்து இரைப்பையைச் சுற்றி ஒரு பட்டை போட வைத்தாள். நாலு வாய் தின்றால் வயிறு நிறைந்துவிடும். எடை இறங்கியது. வரனும் அமைந்தது. அந்த வீட்டில் மூச்சு விடாதே என்றாள் அம்மா.

தழும்புகளுக்குப் பித்தப்பைக் கல் என்று சொன்னார்கள். பட்டையோடு சேர்த்து வைத்த, தோலுக்கடியில் தட்டுப்படும் வில்லையைக் கொழுப்புக் கட்டி என்று அவளே கணவனிடம் சொன்னாள். அவன் நம்பினான்.

இறங்கிய எடையில் பாதி பிறகு திரும்பி வந்துவிட்டது. பட்டை மட்டும் உள்ளேயே கிடந்தது.

நேற்று யாருக்கும் சொல்லாமல் டாக்டரிடம் போனாள். பட்டை நழுவிவிட்டது, இன்னும் விட்டால் இரைப்பை அழுகிவிடும், உடனே எடுத்தாக வேண்டும் என்றார். வீட்டுக்காரரை அழைத்து வரச் சொன்னார். எக்ஸ்ரேவுக்கு முன்னால், கர்ப்பமா என்றும் பார்த்தார்கள்.

இல்லை.

சொல்லிவிட வேண்டியதுதான். முகத்தைக் கழுவிக்கொண்டு கதவைத் திறந்தாள்.

கணவன் வாசலிலேயே நின்றிருந்தான். அவள் நெற்றியில் ஒட்டியிருந்த ஈர முடியை ஒதுக்கிவிட்டான். அவன் இப்படித் தொட்டு எவ்வளவு காலமாயிற்று.

மாமியார் போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய் வந்தார். கண் கலங்கியிருந்தது.

“எட்டு வருசமா உன்னைய என்னென்னமோ பேசிப்போட்டேன் கண்ணு. மனசுல வெச்சுக்காத.”

இவருக்காகவாவது அது நிஜமாக இருந்திருக்கலாம்.

சொல்வதற்காக அவள் வாயைத் திறந்தாள்.

அவர் கையில் கொண்டுவந்திருந்த சர்க்கரையை அதில் போட்டார்.

அது மட்டும் எங்கும் நிற்காமல் இறங்கியது.