குறைக்கச் சொன்ன வேகம்

டாலிகஞ்ச் மிக்கேல் எதையும் வரம்பு மீறி ஓட்டாதவர். ஸ்கூட்டரைக்கூட நாற்பதுக்கு மேல் முடுக்கமாட்டார். அத்தகையவர் விளையாட்டுக்காகத் தம் கணினிச் செயலியின் வேகத்தைக் கூட்டிக்கொண்டது வியப்பே. இப்போது அதைக் குறைக்க வேண்டுமென்று, கூட்டிக்கொடுத்த ஜங்லிகாட் கணினிக் கடைக்கே கணினியைத் தூக்கி வந்துவிட்டார்.

"அரே அண்ணா, டென்ஷன் வேணாம்," என்றான் கடைக்காரன் குணா. "கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஏத்துனேன். பெரிய ஃபேன் போட்டு, சூடும் பாத்துட்டேன். ஒண்ணும் கருகாது."

"கருகல தம்பி. முன்னாடி கார் ரேஸ்ல தோத்துக்கிட்டே இருந்தேன். இப்போ ஒரு வாரம்கூடத் தோக்கல."

"பின்னே? எதிராளி அழுறானா?"

"எதிராளி எம் பொண்டாட்டி ஜோஸ்லின். ஹேவ்லாக் தீவு ரிசார்ட்ல வேலை. தோத்தவங்கதான் ஞாயித்துக்கிழமை கப்பலேறி மத்தவங்களைப் பாக்க வரணும்னு பந்தயம்."

"அப்போ ஜெயிச்சு ஜாலியா வீட்டுல இருங்களேன்!"

"அவ மாசமா இருக்கா. கப்பல் ஆடினாலே வாந்தி. பந்தயத்தை விடுன்னா கேக்கமாட்டா. நான் வேணும்னே தோத்தா கண்டுபிடிச்சிருவா."

குணா சிரித்துக்கொண்டே கணினியை இயக்கினான். "எவ்வளவு குறைக்கட்டும்?"

"பழைய வேகத்துக்கே கொண்டுபோ," என்றார் மிக்கேல். "இனிமே நானே கப்பலேறிக்கிறேன்."