நிலாவுக்கு அடித்த ஃபிளாஷ்

லட்சக்கணக்கான மைல் தள்ளியிருக்கும் பௌர்ணமி நிலாவுக்கு வெளிச்சம் போதாது என்று தணிகாசலத்தின் சின்னக் கேமரா தானாகவே முடிவெடுத்து ஃபிளாஷ் அடித்தது. நிலாவுக்கு அது எட்டியிருக்காது. பக்கத்து வீட்டு மொட்டைமாடிக்கு எட்டிவிட்டது. படத்தில் நிலா ஓர் அரிசிப்பொரி. அதற்குக் கீழே தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து, துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார் மாசிலாமணி. செருமினால் தெருநாயும் எழுந்து நிற்குமே, அந்த மாசிலாமணி. படம் துல்லியமாக விழும் என்று கடைக்காரன் சொன்னது பொய்யில்லை. கண்ணீர்கூடத் தெரிந்தது.

தணிகாசலம் கைப்பிடிச் சுவருக்குக் கீழே ஒளியப் பார்த்தார். முட்டி மடங்க மறுத்தது.

“யாரு, தணிகாசலம் சாரா? நிலாவையா எடுத்தீங்க?”

“ஆமாங்க. சும்மாதான்.”

“எப்படி விழுந்திருக்கு?”

“விழலைங்க. ஒரே இருட்டு,” என்றார், அவசரமாகப் படத்தை அழித்தபடி.

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

“நான்தான் மறைச்சிட்டேன் போல. தள்ளி உக்காந்துக்கறேன், இன்னொண்ணு எடுங்க.”

எடுக்காமல் போனால் பார்த்துவிட்டதாக ஆகிவிடும். ஃபிளாஷை நிறுத்தும் வழி தெரியாத தணிகாசலம், கட்டைவிரலால் அதை இறுக மூடிக்கொண்டு பொத்தானை அழுத்தினார். விரல் மட்டும் ஒரு கணம் ரத்தச் சிவப்பாக எரிந்தது.