நீல மை வரை

மாலை வெயில் மேசையிலுள்ள கண்ணாடித் தகடுகளின் மேல் சாய்ந்து கிடக்கிறது. இருவர் ஒரே நேரத்தில் பார்க்கும் நுண்ணோக்கியின் ஒரு பக்கம் நோயியல் மருத்துவரான தங்கை. மறுபக்கம் அறுவை செய்த அண்ணன். ஒளிவட்டத்துக்குள், மீன் ஏலம் விடுகிறவர் ஒருவரின் நாக்கிலிருந்து வெட்டியெடுத்த சதை இளஞ்சிவப்பாக விரிந்திருக்கிறது. மேல்தோலுக்கு அடியில் கோடு போட்டாற்போல் ஓட வேண்டிய மெல்லிய சவ்வு கிழிந்திருக்கிறது. அந்த வழியே இறங்கிய புற்றுச் செல்கள் முதலில் கூட்டமாகவும், ஆழம் போகப் போக இரண்டு மூன்றாகவும் தசைக்குள் நுழைந்திருக்கின்றன. ஒரு நரம்பைக் கட்டிக்கொண்டு, வெட்டிய ஓரத்தை அடையாளம் காட்டத் தடவிய நீல மை வரைக்கும் வந்துவிட்டன. "இன்னும் கொஞ்சம் தள்ளி வெட்டியிருக்கணும்ணா," என்கிறாள் தங்கை. "தள்ளி வெட்டினா அந்த மனுஷன் எதை வச்சுக் கத்துவாரு? காலையில என்னைப் பாத்து, 'டாக்டர் ஒரு தரம், டாக்டர் ரெண்டு தரம்'னு குழறிக்கிட்டே என்னையே ஏலம் விட்டாரு. வார்டே சிரிச்சுது." அவள் சிரிக்கவில்லை. "மறுபடி வெட்டியே ஆகணும். இந்தத் தடவை பேச்சு மிஞ்சாது." கண்ணை எடுக்காமலேயே அவன் கை போனைத் துழாவி எடுக்கிறது. "ஆபரேஷன் தியேட்டரா? அந்த மீன் ஏலக்காரருக்கு நாளைக்கு வேணாம், நாளன்னைக்குப் போடுங்க. நாளைக்கு அவர் மக ஊர்லேருந்து வர்றா. பேசிக்கட்டும்."