புது மாதிரி தொடுகறி

உருளைக்கிழங்கு வறுவலில் காபி வாசனை வந்தது.

பண்டிகைக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த மூத்த மகள் தன் தட்டை மோந்து பார்த்தாள். சந்தேகம் தீராமல் பக்கத்தில் இருந்த கணவரின் தட்டையும் மோந்து பார்த்தாள். காபியேதான்.

"என்னம்மா இது?" என்று பரிமாறிக்கொண்டிருந்த தம்பி மனைவியைக் கேட்டாள்.

"இந்தப் பண்டிகைக்குப் புது மாதிரியா செய்யலாம்னு தோணுச்சு அண்ணி. மிளகுக்குப் பதிலா காபித்தூள்."

"பீன்ஸ் ஏன் இனிக்குது?"

"அதுல உப்புக்குப் பதிலா சர்க்கரை."

"முட்டைகோஸ்?"

"வெனிலா எசென்ஸ். வினிகர்தான் எல்லாரும் ஊத்துறாங்களே அண்ணி."

கணவர் முட்டைகோஸை வாயில் போட்டுவிட்டு, மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் உத்தரத்தைப் பார்த்தார்.

எல்லோரும் சித்தப்பா முகத்தைப் பார்த்தார்கள். பெரிய ஹோட்டலில் மேனேஜராக இருந்து ரிட்டையரானவர். கரண்டி பிடித்தவர் இல்லை. ஆனாலும் சாப்பாட்டு விஷயத்தில் அவர் சொன்னதுதான் தீர்ப்பு. தெரியாது என்று சொல்லிப் பழக்கமில்லாத மனிதர்.

"இதான் இப்போ ட்ரெண்ட்," என்றார் கூடமே அதிரும்படி. "வாயில வெச்சதும் புடிச்சுட்டா அது பழைய சமையல். இது போகப்போகத்தான் புடிக்கும்."

அதற்குப் பிறகு வாயைத் திறக்க யாருக்குத் துணிச்சல் வரும்? தம்பி கண்ணை மூடிக்கொண்டு காபி உருளைக்கிழங்கை ரசித்தான். மாமா ஒருவர் வெனிலா முட்டைகோஸுக்குச் செய்முறை கேட்டார்.

மூத்த மகளுக்கு வயிறு எரிந்தது. அதில் பாதிதான் காபியால். வருஷா வருஷம் இந்த மூன்று தொடுகறிகளும் அம்மாவின் கைப்பக்குவம். அதற்காகவே ரயில், பஸ் என்று மாறி மாறி ஏறி வருகிறாள். நேற்று வந்தவள், அதற்குள் அம்மா கையிலிருந்து கரண்டியைப் பிடுங்கிவிட்டாளே.

தம்பி மனைவியை நடைக்கு இழுத்துப் போய், பல்லைக் கடித்துக்கொண்டு மெல்லிய குரலில் ஆரம்பித்தாள்.

"எங்கம்மாவை ஓரங்கட்டிட்டே இல்ல? அடுத்த பண்டிகை என் வீட்டுல. அம்மாதான் சமைப்பாங்க. நீ வந்து உக்காந்து சாப்பிட்டா போதும்."

"சரி அண்ணி."

எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தால் நிம்மதியாகச் சண்டை போட்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

அதற்குள் கூடத்திலிருந்து சித்தப்பா குரல் கொடுத்தார். புகழ்ந்த பாவத்துக்குத் தட்டைக் காலி செய்து மாட்டிக்கொண்டார். "உருளைக்கிழங்கு இன்னும் கொஞ்சம் வரட்டும்."

விஷயத்தை அம்மாவிடமே சொல்லிவிடுவது என்று மூத்த மகள் விறுவிறுவென்று சமையலறைக்குப் போனாள். தம்பி மனைவி பதறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

அம்மா முதுகைக் காட்டியபடி அடுப்பில் அடுத்த வறுவலைக் கிளறிக்கொண்டிருந்தாள். அலமாரியில் எந்த டப்பாவிலும் பேர் எழுதியிருக்காது. எந்தக் காலத்திலும் அம்மா மோந்து பார்த்தோ, நாக்கில் வைத்துப் பார்த்தோதான் எடுப்பாள். இப்போதும் ஒன்றைத் திறந்து மோந்தாள். திருப்தியாகத் தலையை ஆட்டிவிட்டு, "மிளகு கொஞ்சம் தூக்கலாவே இருக்கட்டும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காபித்தூளை வாணலியில் கொட்டினாள்.

மூத்த மகள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள்.

தம்பி மனைவி அவள் காதில் கிசுகிசுத்தாள். "காய்ச்சல்ல படுத்து எழுந்ததிலேருந்து அத்தைக்கு வாசனையும் தெரியல, ருசியும் தெரியல. தெரிஞ்சா அடுப்புப் பக்கமே விடமாட்டோம்னு மறைக்கிறாங்க. நான் வந்து பாக்கறதுக்குள்ள மூணையும் இறக்கிட்டாங்க. தயவுசெஞ்சு காட்டிக்காதீங்க அண்ணி."

சொல்லிவிட்டு, சுடச்சுட வறுவலை வாங்கிக்கொண்டு கூடத்துக்குப் போய்விட்டாள்.

மூத்த மகளுக்குக் கண் கலங்கியது. அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"எல்லாம் நீ செஞ்சதாம்மா?"

அம்மா வாசல் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மெதுவாப் பேசுடி. மூணும் என் கைதான். சித்தப்பா பாராட்டினது இங்க வரைக்கும் கேட்டுச்சு. அந்தப் பொண்ணு என்னடான்னா, எல்லாம் தானே செஞ்சதா சொல்லிக்கிட்டிருக்கா. சொல்லிட்டுப் போறா, விடு. நாலு பேர் முன்னாடி அவளும் ஒரு நல்ல பேர் வாங்கட்டுமேன்னு நான் வாயே திறக்கல."