கைக்குட்டை போட்ட இடம்

வீட்டுக்கு ஒரு கல்லூரி சீட்டுதான் என்பது சட்டம். அதனால் செண்பகமும் தம்பி கதிரேசனும் கோவில்பட்டியில் ஒரே கல்லூரியில், ஒரே சீட்டில் படித்தார்கள். அவள் வகுப்புக்குப் போகும் நாளில் அவன் கடலைமிட்டாய்க் கம்பெனிக்குப் போவான். மறுநாள் மாறிக்கொள்வார்கள். வகுப்பில் கண்டதும் கேட்டதும் காதுக்குப் பின்னால் ஒட்டிய வில்லையில் பதிந்துவிடும். சாயங்காலம் மற்றவர் அதை ஒட்டிக்கொண்டால், தானே உட்கார்ந்து கேட்டதுபோல் பாடம் ஏறிவிடும்.

"பாடத்துல இருந்து பாருக்கா. முன்னாடி உள்ளதத் தாண்டிரு" என்று சொல்லித்தான் கதிரேசன் எப்போதும் வில்லையைக் கொடுப்பான். அன்று கம்பெனி அலுப்பில் அவள் தாண்ட மறந்துவிட்டாள்.

வகுப்பு தொடங்குமுன் பதிந்தது ஓடியது. பஸ்ஸில் இடம் போடுவதுபோல, அவன் பெஞ்சில் பக்கத்து இடத்தில் கைக்குட்டையை விரிக்கிறான். ஒரு பையன் வந்து கேட்கிறான்.

"எப்பப் பாத்தாலும் யாருக்குல எடம் போடுத?"

"எங்கக்காவுக்கு."

"நீ வார அன்னைக்கு அவங்க வரமாட்டாங்கள்ல?"

"சாயங்காலம் வருவா."

செண்பகம் வில்லையைக் கழற்றினாள். அடுப்படியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்த தம்பியை எட்டிப் பார்த்தாள்.

மறுநாள் வகுப்பில், கைக்குட்டை கிடந்த இடத்திலேயே போய் உட்கார்ந்தாள். அவன் உட்காரும் இடத்தில் தன் கைக்குட்டையை விரித்தாள். பிறகு, சாயங்காலம் அவன் காதில் விழட்டும் என்று, அந்த இடத்தைப் பார்த்து மெல்லச் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி உக்காருடா. போர்டு தெரியல."